குழாய் நகராத பக்கம்

புல்லக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் மருத்துவமனையில், விபத்தில் அடிபட்டவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் பிரிவுக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. கைத்தடி இல்லாமல் அவர்கள் முதல் அடி வைப்பது அதில்தான். விழுந்தாலும் வலிக்காது. கல் பொறுக்கி, களை பிடுங்கி அதை வளர்த்ததால்தான் அவர் புல்லக்கா. டாக்டரே செருப்போடு ஏறினாலும், "என்ன சார், பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சீங்களா?" என்பார். டாக்டர் சத்தமில்லாமல் இறங்கிவிடுவார்.

உரம் போடுவது மட்டும் இரண்டு பேர் வேலை. அக்கா யூரியாவைத் தூவி முடித்துக் காலி வாளியைத் தட்டுவார். உடனே அவருடைய தம்பி நின்ற இடத்திலேயே சுழன்று தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்து, இடம் மாற்றி மாற்றி வைத்துப் புல் முழுவதையும் நனைக்க வேண்டும். உரம் இலையிலேயே தங்கினால் புல்லை எரித்துவிடும். தம்பிக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததே அக்காதான், சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து.

அன்றும் வாளியைத் தட்டினார். "டேய், அந்தக் கோடி வரைக்கும் நனையணும்."

"நீ கெளம்புக்கா. நான் பாத்துக்கறேன்."

நம்பிக் கிளம்பினார். அந்த வாரமே புல் மஞ்சளாகிவிட்டது.

சூப்பர்வைசர் கொதித்துப்போனார். "உரத்தை அள்ளிக் கொட்டிட்டியாம்மா? பேசாம உள்ள வந்து வராண்டா கூட்டு." பிறகு தம்பியிடம் திரும்பினார். "நீ தண்ணி விட்டியா?"

"நல்லாவே விட்டேன் சார். அக்காவுக்குத்தான் கை தாராளம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்! நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா குனிந்து புல்லில் ஒரு கொத்தைப் பிடுங்கினார். "வேர் வெள்ளையாத்தான் இருக்கு சார். ஒரு மாசம் குடுங்க, தேத்திடறேன்."

"ஒரு மாசம்தான்" என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் போய்விட்டார்.

அப்புறம்தான் அக்கா புல்வெளியைச் சுற்றி நடந்தார். சூப்பர்வைசரின் ஜன்னலுக்கு அடியில் மட்டும் பச்சை, பாதித் தட்டைக் கவிழ்த்து வரைந்ததுபோல அரை வட்டமாக. அங்கேயே நின்ற குழாயின் தண்ணீர் எட்டிய தூரம் அது. அதைத் தாண்டி எல்லாம் மஞ்சள்.

"நகத்தவே இல்லையாடா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "மேட்ச்க்கா, கடைசி ஓவர்... ஜன்னல் பக்கம் நனைஞ்சா போதும்னு..."

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா உனக்கும் சேத்து நானே திட்டு வாங்கியிருப்பேன். என் கையைக் குத்தம் சொல்லிட்டியேடா."

"நான் போய் சார்கிட்ட சொல்லவாக்கா?" என்று பொறுக்காமல் கேட்டேன்.

"வேணாம். வேலை போயிட்டா இவன் சோத்துக்கு எங்க போவான்?"

தினமும் அவரே தண்ணீர் விட்டார், மிஞ்சிய உரம் ஆழத்துக்கு இறங்கிப் போகும்படி. கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளுக்கு நடுவே ஊசி ஊசியாய்ப் பச்சை எட்டிப் பார்த்தது. சூப்பர்வைசரின் வராண்டாப் பேச்சும் நின்றது. நேற்று ஒரு லாரி டிரைவர் அதில் முதல் அடி வைத்தார். "மெத்தை மாதிரி இருக்குக்கா!" என்றார். அக்கா லேசாகச் சிரித்தார்.

அப்போது தம்பி வந்து கையை நீட்டினான். "குடுக்கா, நான் பிடிக்கிறேன்."

அக்கா குழாயை விடவில்லை. "உனக்கும் சோறு கட்டியிருக்கேன். போய்ச் சாப்பிடு" என்றார். பிறகு அந்தக் கனத்த குழாயைத் தானே இழுத்துக்கொண்டு கோடிக்கு நடந்தார்.