சிஸ்டரின் பூனைகளும் என் காரின் கீறல்களும்

கௌதள்ளியிலிருந்து அந்தப் போன் வந்தபோது நான் ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் சிஸ்டரின் தங்கை. "அக்கா போயிட்டாங்கண்ணா. காப்பி குடிச்சுட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார். "எந்த அக்கா?" என்று கேட்டேன். என்ன முட்டாள்தனமான கேள்வி. அவருக்கு இருந்தது ஒரே அக்கா. பானெட்டின் மேல் படுத்திருந்த பூனை கறுப்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பொன்னம்மாள் என்ற பெயர் நம் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. நமக்கெல்லாம் அவர் சிஸ்டர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஊசி போட்டவர். "அந்தப் பக்கம் பாருங்க, ஊசியப் பாத்தாத்தான் வலிக்கும்" என்று அவர் சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கும் ஆசைதான். முடியாது. அவருடைய பூனைகள் என் காரைக் கீறிவிட்டன என்று இந்தத் தெரு முழுக்கச் சொன்னவன் நான். அந்தப் பேச்சை அவர் இருந்தவரை நான் திரும்ப வாங்கவில்லை.

எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. நடுவில் ஒரு ஷெட். ஓய்வு பெற்றபின் நான் என் முதல் காரை வாங்கி அதில் நிறுத்தினேன். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சிஸ்டரின் கறுப்பியும், காது கிழிந்த கிழவன் என்ற ஆண் பூனையும் அங்கே குடியிருந்தன. எனக்கு அது தோன்றவில்லை. என் ஷெட்டில் பூனைகள் வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆடி மாத மழைக் குளிரில் ஒரு நாள் பானெட்டில் ஈரக் காலடிகளைப் பார்த்தேன். வீட்டுக்குள் வந்து வசந்தாவிடம் குதித்தேன். என் மனைவி கீரை ஆய்ந்தபடியே, "காலடிதானே, கழுவினாப் போயிடும்" என்றாள்.

சிஸ்டர் அப்படி விட்டுவிடவில்லை. தேவராஜ மார்க்கெட் பக்கம் போய்த் தேங்காய் நார்க் கயிறு வாங்கி வந்து, ஷெட்டுத் தூணில் இடுப்பு உயரத்துக்கு இறுக்கமாகச் சுற்றினார். பூனைகள் நகம் தேய்க்க அது. பூனைக்கு அந்த வாசனை ஆகாது என்று பானெட்டில் ஆரஞ்சுத் தோலைப் பரப்பிப் பார்த்தார். கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது ஒரு எளிய வழி. மாலையில் என் கார் உள்ளே வந்ததும் ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். பூனைகள் அவர் வீட்டுப் பின்வாசலுக்கு ஓடும். அரை மணி நேரம் அங்கேயே சோறும் மீனும் வைத்து உட்கார்த்திவைப்பார். "வண்டி சூடாறுற வரைக்குந்தானுங்ணா அதுங்களுக்கு ஆசை. ஆறிப்போச்சுன்னா திரும்பிக்கூடப் பாக்காதுங்க" என்பார். அவர் சொன்னபடியே நடந்தது. ஆனாலும் நான் தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தேன். அவர் தன் பின்வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனால்தான் அவரும் உள்ளே போவார்.

ஆயுத பூஜை வந்தது. முப்பது வருஷம் ஸ்கூட்டருக்குச் செய்ததையெல்லாம் காருக்குச் செய்தேன். பானெட் நிறையக் குழைத்த சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், தெருவில் பூசணிக்காய். மூன்றாம் நாள், காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தை ஸ்கூட்டரைத் தேய்க்கிற மாதிரியே தேங்காய் நாரும் பாத்திரப் பவுடரும் போட்டு ஷெட்டில் வைத்தே தேய்த்துக் கழுவினேன். அந்த வார வியாழக்கிழமை பெட்ரோல் பங்க்கில் நின்றபோது வெயில் நேராக பானெட்டில் விழுந்தது. எங்கு பார்த்தாலும் கீறல்.

வீட்டுக்கு வந்து நான் போட்ட கூச்சலில் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. உங்களில் சிலரும் பார்த்தீர்கள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் பூனைங்க இந்தக் காம்பவுண்ட்ல இருக்கக் கூடாது. இருந்தா சாக்குல கட்டி மார்க்கெட்ல விட்டுடுவேன்" என்றேன். பத்து வருஷமாக அவரை 'நீங்க' என்றே பேசியவன் அன்று 'உன்' என்றேன். சிஸ்டர் குனிந்து பானெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "பூனை நகம் பட்டா கோடு நேரா இழுத்துட்டு வருமுங்ணா. இது வட்ட வட்டமா இருக்குதுங்களே" என்றார். "உனக்கு ரொம்பத் தெரியுமோ" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் அந்தக் காம்பவுண்டில் தட்டுச் சத்தம் கேட்கவில்லை, பூனைகளை அவர் வெளியே விடவே இல்லை. சாக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. சனிக்கிழமை காலை அவர் மூங்கில் கூடையின் வாயைப் பழைய புடவையால் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். கூடைக்குள்ளிருந்து ஒரே கத்தல். ஜன்னலிலிருந்து பார்த்த நான் திரையை இழுத்துவிட்டேன். மறுநாள் தங்கை வீடிருக்கும் கௌதள்ளியிலிருந்து திரும்பியவர் காலிக் கூடையை ஷெட்டு ஆணியில் மாட்டினார். ஒரு வருஷம் அது அங்கேயே தொங்கியது.

அதற்குப் பிறகும் மாதா மாதம் எனக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். அதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. "ஏறியிருக்குதுங்ணா, கோவத்தக் கொறைங்க" என்பார். பூனை என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

அடுத்த ஆயுத பூஜை. அதே சந்தனம், அதே நார். இந்த முறை ஷெட்டில் குழாய் பழுதாகியிருந்ததால் வண்டியைத் தெருவில் வெயிலில் நிறுத்திக் கழுவினேன். தண்ணீரை ஊற்றி வழித்துவிட்டுப் பார்த்தால், என் கை போன இடமெல்லாம் வட்ட வட்டமாகப் புதுக் கீறல். பக்கெட்டோடு வந்த வசந்தா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஹௌதா, அப்படியா? இப்போ யாரைத் துரத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பக்கெட்டை வைத்துவிட்டுப் போனாள்.

கையைக்கூடக் கழுவாமல் சிஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "சிஸ்டர், கீறினது நான்தான்" என்றேன். அவர் என் கையிலிருந்த நாரைப் பார்த்தார்.

"தெரியுமுங்ணா. நீங்க தேய்ச்சதப் போன வருசமே சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தனுங்களே."

"அப்போ ஏன் சொல்லலை?"

"சொன்னனே. வட்டமா இருக்குதுன்னு."

மறுநாளே அவரை அதே காரில் கௌதள்ளிக்கு அழைத்துப் போனேன். கூடையும் அந்த அலுமினியத் தட்டும் அவர் மடியில் இருந்தன. வழி நெடுக, இரண்டு பூனைகளும் அங்கே இருக்க வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டினேன். கறுப்பி இருந்தது. கிழவன் இல்லை. கொண்டுவிட்ட முதல் வாரமே வெளியே போனது திரும்பவில்லையாம். அக்கா மனசு கஷ்டப்படும் என்று தங்கை ஒரு வருஷமாக அதை மறைத்திருந்தார். சிஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு சோளக்காட்டு வரப்புக்குப் போனார். பொழுது சாயும்வரை தட்டிக்கொண்டே நின்றார். நான் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்க முகம் இல்லை.

திரும்பும் வழியில் கறுப்பி கூடையிலிருந்து வெளியே வந்து பின்சீட்டைப் பிறாண்டிக்கொண்டே வந்தது. அதை யாரும் அதட்டவில்லை. காம்பவுண்டுக்கு வந்து இறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்டச் சொன்னது பத்தாதுங்ணா. தெருவுக்குத்தான சொன்னீங்க? தெருவுக்கே சொல்லிப்போடுங்க. அதுங்களுக்கு வாயில்ல" என்றார். நாளைக்கே சொல்கிறேன் என்றேன்.

அந்த 'நாளை' வரவே இல்லை. பொங்கல் கழியட்டும் என்றேன், மழைக்காலம் போகட்டும் என்றேன். வெட்கம், வேறொன்றும் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்க வரும்போது இரண்டு தடவை, "சொன்னீங்களாங்ணா?" என்று கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிழவனைத் தேடிக் கௌதள்ளிக்குப் போய்வந்தார். இந்த முறையும் அதற்காகத்தான் போனார். கறுப்பியை எங்களிடம் விட்டுவிட்டு, "வண்டி வந்ததும் சோறு வெச்சுடுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சொல்கிறேன். தாமதம்தான், கேட்க வேண்டியவர் இல்லைதான். என் காரில் அத்தனை கீறலையும் போட்டது நான். கறுப்பியும் கிழவனும் ஒரு கோடுகூடப் போடவில்லை. வாயில்லாத இரண்டு உயிர்களின் மேல் பழியைப் போட்டேன், அதில் ஒன்றை வீடில்லாமல் ஆக்கினேன். வயதான ஒரு பெண்ணைக் காட்டு வரப்பில் தட்டோடு நிற்க வைத்தேன்.

அடக்கத்துக்குப் போனபோது தங்கையிடம் கேட்டு அந்த அலுமினியத் தட்டை வாங்கி வந்தேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும் கறுப்பியும்தான். பானெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இல்லை, யாராவது கேட்டால் காரணம் சொல்வேன். நேற்று மாலை காரை நிறுத்தியதும் கறுப்பி பானெட்டில் ஏறிப் படுத்தது. தட்டைக் கையில் எடுத்தேன். தட்டவில்லை. சூடு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.