தும்மிய பூனையும் மிளகாய் முதலாளியும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் நான் கொஞ்ச காலம் மூட்டை தூக்கிய வற்றல் மிளகாய்க் கடையின் முதலாளி திருநெல்வேலிக்காரர். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். கல்லாவுக்கு அடியில் படுக்கும் பூனையைப் பற்றி யார் கேட்டாலும், "அது நம்ம பூனை இல்ல வே" என்பார்.

மிளகாய்க் கடையில் எல்லோரும் தும்முவோம். அதனால் பூனை தும்மியபோதும் சிரித்தோம். கண்ணில் பீளை கட்டி, மீனைக்கூட அது தொடாமல் படுத்த பிறகுதான் முதலாளி பயந்துபோய் அதைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார். பிடித்துக்கொள்ள நானும் போனேன்.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில், "இது மிளகாய்த் தும்மல் இல்ல, ஜலதோஷம். மூக்கடைச்சா மணம் தெரியாது. மணம் தெரியாட்டா பூச்ச தின்னாது, கேட்டோ" என்றார். மருந்து கொடுத்தார். வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூக்கைத் துடைத்து, மீனை இளஞ்சூடாகக் கொடுத்து, தூசியில்லாத இடத்தில் வைக்கச் சொன்னார்.

கடையில் அப்படி இருந்த ஒரே இடம் முதலாளியின் கண்ணாடி அறை. பூனை உள்ளே படுத்தது. அவர் வெளியே மூட்டைமேல் உட்கார்ந்து தும்மினார். சரக்கெடுக்க வந்தவரிடம், "மெதுவா பேசும்வே, உள்ள தூங்குது" என்றார். வந்தவர், உள்ளே யாரோ பெரியவர் தூங்குவதாக நினைத்து, விலையைக் காதோடு பேசிவிட்டுப் போனார்.

சில நாளில் பூனை மீன் தின்றது. அதற்குள் எனக்குக் காய்ச்சல். முதலாளி ஒரு மாத்திரையைக் கொடுத்து லாரியிலிருந்து சரக்கு இறக்கச் சொன்னார்.

"நானும் கொஞ்சம் உள்ள படுக்கட்டுமா முதலாளி?"

"நீதான் நல்லா திங்கியல்லாடே" என்றார்.

டாக்டரம்மா சொன்னபடி பார்த்தால் அது சரிதான். ஆனாலும் அவரை நல்லவர் என்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.