கதவில் கேட்ட தாளமும் அதற்கு வந்த விமர்சனங்களும்

விமர்சனம் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்காத நாளும் இல்லை. வார நாட்களில் நான் கண்டியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்கு டீஜே. மிஞ்சுகிற நேரத்தில் அறைக்குள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கான இசை செய்கிறேன். பாட்டு வரிகள் கிடையாது, தாளம்தான். செய்ததை இணையத்தில் நானே ஏற்றுவேன். கம்பனி, முதலாளி என்று யாரும் நடுவில் இல்லாததால் திட்டினாலும் புகழ்ந்தாலும் நேராக என் தலையில்தான் வந்து விழும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஏற்றிய ஒன்றுக்குத்தான் முதன்முதலாக ஆட்கள் விமர்சனம் என்று உட்கார்ந்து எழுதினார்கள். அதன் தாளம் எங்கள் வீட்டுக் கதவிலிருந்து வந்தது. அம்மா என்னைப் பெயர் சொல்லி எழுப்பமாட்டார். கதவில் விரல்களால் தட்டுவார். ஓட்டமாக வந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி தொடங்கி, கடைசியில் அவசரமாக இரண்டு தட்டோடு முடிகிற தட்டல் அது. பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கியது, முப்பத்து மூன்று வயதிலும் தொடர்ந்தது. அம்மாவே கண்டுபிடித்த விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் முன்கூட்டியே விழித்துக் கிடந்து அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன்.

கணினியில் போட்டுக் கேட்டபோது நடுவில் அந்த நிற்கிற இடம் இடைஞ்சலாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம், வலியில் நிறுத்தியிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். என் தொழிலில் தாளம் நின்றால் ஆடுகிறவர்களின் கால் நின்றுவிடும். ஆகவே அந்த இடைவெளியை வெட்டி எறிந்துவிட்டு, தட்டுகளை இழுத்துச் சமமாக அடுக்கினேன். மரக் கதவின் சத்தம் மெலிந்திருந்ததால் மேலே ஒரு தோல் வாத்தியச் சத்தத்தையும் சேர்த்தேன். வேலை கச்சிதமாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

வெளிநாட்டு இணைய இதழ் ஒன்று நீளமாகப் புகழ்ந்தது. இது மலைநாட்டு அறுவடைச் சடங்கின் தாளம் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். வருடம் முழுக்கப் பறிக்கிற தேயிலைக் கொழுந்துக்கு ஏது அறுவடைச் சடங்கு? கொழும்பு ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்று, உடற்பயிற்சிக் கூடங்களில் ஓடவிடலாம் என்றது. தமிழ்ப் பத்திரிகையில் எழுதியவர் ஒரு பெண் இப்படி முன்வந்திருப்பது பாராட்டுக்குரியது என்று அரைப் பக்கத்துக்கு எழுதி, கடைசி வரியில் இசையும் நன்று என்று முடித்திருந்தார். அவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அம்மா வெங்காயம் உரித்தார். அந்தத் தாளத்தை நான் போட்டால் மட்டும் உடுப்புக் காயப்போட வெளியே போய்விடுவார், மழை பெய்தாலும் சரி. எனக்கு அது சுட்டது. மூன்று பத்திரிகைகள் சொல்வதைவிட, தன் கைத் தாளத்தைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே கணக்கப்பிள்ளை என்று கேட்டுத்தான் வளர்ந்தேன், வேலையாட்களின் பெயர் எழுதுகிற உத்தியோகம். அம்மா காதலித்துக் கல்யாணம் செய்து கண்டிக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். என் அப்பாவின் ஆட்கள் நகரத்துக் கடைக்காரர்கள். தோட்டத்து ஆள் என்றாலே ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறவர்கள். கணக்கப்பிள்ளை மகள் என்பதால்தான் அம்மாவுக்கு அவர்கள் வீட்டில் உட்காரக் கதிரை கிடைத்தது. அப்பா இறந்த பிறகும் அந்த மரியாதை குறையவில்லை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, எந்த நல்ல காரியத்துக்கும் அம்மாவைத்தான் முதலில் அழைப்பார்.

அந்த அத்தை தன் மகனுக்கு ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண் எடுத்தார். பெண் டீச்சர். கல்யாணம் அங்கேயே மண்டபத்தில், டீஜே நான்தான். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "அண்ணி வராம கல்யாணமா?" என்று அத்தை வான் அனுப்பிவிட்டார். வழி நெடுக அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார். முழங்கால் வலி என்று நானும் நம்பினேன்.

பகல் சாப்பாடு முடிந்ததும் பெடியன்கள் என்னுடைய அந்தத் தாளத்தைக் கேட்டார்கள், போட்டேன். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் ஆடினார்கள். பின்வரிசையில் தோட்டத்துப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர்களில் ஒருவர் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். ஆடத்தான் வருகிறார் என்று சிரித்தேன். அவர் நேரே என் மேசைக்கு வந்து கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

"ஏம்மா, கல்யாண வீட்டுல எதுக்கு பிரட்டுத் தப்பு போடுற?"

எனக்கு விளங்கவில்லை.

"விடிய வேலைக்கு ஆள் கூட்டுறதுக்கு அடிக்கிற தப்பும்மா இது. இதக் கேட்டா எங்களுக்கு காலு ஆடாது. கையி கூடையத்தான் தேடும்."

பின்வரிசை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று விமர்சகர்களும் சேர்ந்து எழுதியதைவிட இது உருப்படியாக இருந்தது. ஆனால் அந்தப் பாட்டி விடவில்லை.

"அதுவும் எங்க தோட்டத்து மேல் டிவிசன் தப்புக்காரரு கைதானே இது? கடைசியா அந்த ரெண்டு தட்டு அவரு மட்டுந்தான் போடுவாரு. அவரு செத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நீ யாருகிட்டப் புடிச்ச?"

"எங்க அம்மாகிட்ட," என்றேன். சாதனை செய்தவள் மாதிரிச் சத்தமாகச் சொல்லி, கையையும் நீட்டிக் காட்டினேன்.

இசை நின்றிருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. என் கை போன திசையில் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. தப்புப் பறை அடிக்கிறவர்களைச் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு, வாசலோடு அனுப்பிவிடுவது தோட்டத்திலேயே வழக்கம். கண்டிக் கடைக்காரர் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்கவே தேவையில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில்தான் அத்தை உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி," என்றார் அத்தை மெதுவாக. "ஒங்கப்பா கணக்கப்பிள்ளைன்னுதானே எங்ககிட்ட சொன்னீங்க?"

சின்ன வயதில் தோட்டத்தில் கேட்ட தாளம், கை பழகிவிட்டது என்று அம்மா ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அத்தை நம்பியிருப்பார், நம்பத்தான் அவருக்கும் ஆசை. நானே அந்தப் பொய்யைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா எழுந்து என் மேசைக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நீ பண்ணியிருக்கிறது பிழை பாப்பா. நடுவுல நிப்பாட்டணும். எங்கப்பா அந்த எடத்துல நிப்பாட்டி, லயத்து வரிசையில எந்தெந்த வீட்டுல வெளக்கு எரியுதுன்னு பாப்பாரு. எரியாத வீட்டுக்குத்தான் அடுத்த அடி."

பிறகு வீங்கிய விரல்களால் என் மேசையில் தட்டிக் காட்டினார். ஓட்டமாக வந்தது, நின்றது. நின்ற நேரத்தில் பின்வரிசைப் பெண்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். பிறகு மீதி அடி. எங்கப்பா என்ற சொல்லை அம்மா நாலு பேர் முன்னால் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு மணவறைப் பக்கம் போனார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவும் அங்கே போகவில்லை. எல்லாம் என் வாயால் வந்த வினை என்று நான் அழுதபோது, முப்பத்தைந்து வருசம் அங்கே முதுகை நிமிர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்து இடுப்பு விட்டுப் போச்சு என்றார் அம்மா.

போன மாதம் அதைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். வெட்டி எறிந்த இடத்தை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அளந்து திருப்பி வைத்தேன். அதே வெளிநாட்டு இதழ் மறுபடியும் எழுதியது. முதல் வடிவமே சிறந்தது, புதியதில் நடுவே தாளம் விட்டுப்போகிறது, பதிவில் ஏதோ கோளாறு என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப அந்தாளு வீட்டுல வெளக்கு எரியல," என்றார்.