ஏலக்காய்த் தட்டில் வைத்த காமிரா

எத்தனையோ வருஷம் கழித்து, போன வாரம் பஸ்சு போடிமெட்டின் கடைசி வளைவில் திணறித் திரும்பும்போது ஜன்னல் வழியாக அந்த வாடை வந்து முகத்தில் அறைந்தது. பச்சை ஏலக்காய் சூட்டில் வேர்க்கிற வாடை. விறகுப் புகை கலந்தது, இனிப்பும் காரமுமாய் ஈரம் கோத்தது. பாயசத்தில் மிதக்கும் ஏலக்காயை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. இதற்குள் என் அண்ணன் இருமுகிறார்.

எழுபதுகளின் கடைசி. நான் கீழே போடியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலே எஸ்டேட்டில், ஏலக்காய் ஸ்டோரில் தீ போடுகிறவர். ஸ்டோர் என்றால் கடையல்ல, காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு, உள்ளே அறையைச் சுற்றி ஓடும் தகரக் குழாய், அதன்மேல் அடுக்கடுக்காய்க் கம்பிவலைத் தட்டுகள். வருஷக்கணக்காக அந்தப் புகையை வாங்கி வாங்கி, அந்த ஐப்பசியில் இரத்தமாகத் துப்பினார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணி ஆள் அனுப்பினார். அவர்கள் கல்யாணத்தில் படம் எடுக்க யாரும் இல்லை. "மனுசன் கீழ எறங்குறதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒரு படம் புடிச்சுக் குடுத்துருங்க தம்பி. செவுத்துல இருந்தாலாவது பேசிக்கிட்டுக் கெடப்பேன்."

காலை லோடு ஜீப்பில் ஏறினேன். மழை, பனிமூட்டமாய் மஞ்சு, மறுபடி மழை. மடியில் காமிரா கிணற்றுக் கல்லாய்ச் சில்லிட்டுக் கிடந்தது. அந்தக் குளிரோடு அதைச் சூடான ஈர அறையில் திறந்தால் ஆவி படிந்து கண்ணாடி பூத்துவிடும். பையை இறுகக் கட்டியபடியே அறை ஓரத்தில் வைத்து, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பையோடு சேர்ந்து அதுவும் மெல்லச் சூடேறும். ஈரத்தை இழுக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டிருந்தேன். பொறுமை ஒன்றுதான் மிச்ச மருந்து. எல்லாம் தெரியும் எனக்கு.

மலையில் ஒரு வழக்கம். நனைந்து வருகிறவனை நிற்கவைத்துப் பேசமாட்டார்கள். முதலில் ஸ்டோருக்குள் இழுத்து, அவன் துண்டு, சட்டை எல்லாவற்றையும் பிடுங்கித் தட்டில் விரிப்பார்கள். பையை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணி கொடுத்த பாலில்லாக் கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு நான் திரும்புவதற்குள் அண்ணன் பையை அவிழ்த்துவிட்டார். அன்று காலை கொட்டிய பச்சைக் காய்களுக்கு நடுவே, ஆவி பறக்கும் தட்டில், காமிரா அம்மணமாக உட்கார்ந்திருந்தது.

"சில்லுனு கெடந்துச்சுடா. நானே காயப்போட்டுட்டேன். எத்தன மூட காயப்போட்ட கையி, இத ஒண்ணக் காயப்போடாதா?"

கண்ணாடி மோர் மாதிரி வெளுத்திருந்தது. பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, ஒங்க காமிராவுக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சு!" அண்ணனும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவரை இரண்டாக மடித்தது.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன், கெடுத்துவிட்டாய் என்று? வெளியே, அண்ணனைக் கீழே கொண்டுபோக வேண்டிய ஜீப்பு ஹாரன் அடித்தது. "வெரசா வாங்கப்பா, லோடு கெடக்கு!" அரை மணி நேரம். அந்த டிரைவரின் காலைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. "ஒண்ணும் ஆகலண்ணே" என்றேன். வேட்டி நுனியால் துடைத்தேன்.

அந்தக் காமிராவுக்கு இரண்டு கண். மேல்கண் நான் பார்க்க, கீழ்க்கண் படம் பிடிக்க. மேல்கண் தெளிந்துவிட்டது. வாசல் வெளிச்சத்தில் இருவரும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். "என்னா, ஆனயப் பாத்த மாதிரி நிக்கிற? கிட்ட வா" என்று அண்ணன் அண்ணியின் தோளை இழுத்தார். அண்ணி சிரித்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு. மிச்சமிருந்த மூன்று படங்களையும் எடுத்தேன். கீழ்க்கண்ணில் துணி எட்டாத உட்பக்கம் வெண்மை இருந்ததைக் கண்டேன். கண்டும் அழுத்தினேன்.

கீழே இறங்கியதும், மதுரைவரை கூடப் போக வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை அண்ணனுக்குத் துணையாகப் போடி ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு, ஸ்டூடியோவுக்கு ஓடி ஃபிலிமைக் கழுவினேன். மூன்றிலும் மஞ்சுதான். இரண்டு உயரங்கள் நின்றன, முகங்கள் இல்லை.

அண்ணன் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. காரியம் முடிந்தபின் அந்த மூன்றில் ஒன்றையே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அண்ணி அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பினார். வெண்மைக்குள் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இது அவுக தோளு." ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் ஏசவில்லை. ஆணி தேடப் போனார்.

ஆனால் ஃபிலிமைக் கழுவிய அன்று சாயங்காலம், மதுரை ரயில் கிளம்பும் நேரத்தில், அண்ணனுக்கு இதெதுவும் தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கழுவிட்டியா? தெளிவா விழுந்துருக்கா?"

"நல்லா விழுந்துருக்குண்ணே."

"அவ சிரிச்சாளாடா?"

"சிரிச்சாகண்ணே."

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வர்றப்ப எனக்கும் ஒண்ணு கொண்டா அப்பு. பக்கத்துல நின்னதுனால நான் பாக்கல."