பிடி அரிசியும் ஒரு நாற்காலியும்

சபைக் கமிட்டியில் இனிமேல் பெண்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று எங்கள் போதகர் ஐயர் அறிவித்த அன்றே, அது எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? செகந்தராபாத்தில் எங்கள் சின்னத் தமிழ் லுத்தரன் சபைக்காக ரயில்வே காலனி முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிப் பிடி அரிசிக்கு ஆள் சேர்த்தவள் நான்.

பிடி அரிசி பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனி டப்பாவில் போட்டுவைப்போம். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கொண்டுபோய் வாசலில் இருக்கும் டிரம்மில் கொட்டிவிட்டு உள்ளே போவோம். ஆராதனை முடிந்ததும் ஏலம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மிஷன் பணம் நின்ற பிறகு, ஐயர் சம்பளத்தில் ஒரு பங்கு இந்த அரிசியிலிருந்துதான் வந்தது.

டிரம்மில் புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதை வடித்தால் ஒன்று குழையும், ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பஜாரில் இட்லிக்கடை வைத்திருந்தவர் மட்டும்தான் மாவரைக்க ஏலம் கேட்பார். அவர் சொன்னதுதான் விலை.

அப்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள். புருஷன் தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் ஒரு மடிப்புக் கலையாது. பாடகர் குழுவில் அவள் குரல் எடுத்தால் என் குரல் எனக்கே கேட்காது. வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கூட்டத்தில் எழுந்து, "மூணு டிரம் வச்சுப் பிரிச்சுப் போட்டா வீட்டுக்காரங்களே வாங்குவாங்களே, ஐயா?" என்றாள்.

அடேயப்பா, என்ன அறிவு! இத்தனை வருஷம் எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல். சொன்ன மாதிரியே விலையும் ஏறியது. ஐயர், ஐயரம்மா, மணியடிக்கிற கோயில் பிள்ளை வரைக்கும் அவள் புராணம்தான். மறைப்பானேன்? பொறாமைதான்.

நான்கைந்து மாதம் போனது. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் சில வீட்டு டப்பாக்கள் கோயிலுக்கு வருவது நின்றுபோனது. கமிட்டித் தேர்தலுக்கு முதல் நாள் காலை, ரயில்வே பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த விதவை ஒருத்தியிடம் போய்க் கேட்டேன். அவள் அடுப்படியிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து காட்டினாள். விளிம்பு வரைக்கும் அரிசி.

"போடாம இல்லக்கா. தினம் போடுறேன். ஆனா எல்லாரும் பார்க்க ரேஷன் டிரம்முல போய்க் கொட்டணுமா? நக்கோ அக்கா, எனக்கு முடியாது. முன்ன எல்லாம் ஒண்ணாக் கெடந்துச்சு, யாரு அரிசி எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

எனக்கு அவளுக்காக மனசு கஷ்டப்பட்டது நிஜம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது என் நடையே மாறியிருந்தது. சிக்கினாளடி விஞ்ஞானி பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கூட்டத்தில் எழுந்து என்ன பேசவேண்டும், எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தவேண்டும் என்று துணி அலசும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. அதே கோயிலில் தெலுங்குக்காரர்களின் ஆராதனை முடிந்து, எங்களுடையதும் முடிந்து, கூட்டம் தொடங்கியது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"மூணு டிரம்னு சொன்னது நான்தான். அது தப்புங்க. விலையை மட்டும் பார்த்தேன், கொண்டுவர்ற மனுஷங்களைப் பார்க்கலை. நேத்து சாயங்காலம் வீடு வீடாப் போனப்பதான் தெரிஞ்சுது. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

நான் முதல் நாள் காலையில் போன வீட்டுக்கும் அவள் சாயங்காலம் போயிருக்கிறாள்! பேசியதோடு விட்டாளா? வாசலுக்குப் போய்க் கோயில் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மூன்று டிரம் அரிசியையும் பாயில் கொட்டிக் கையாலேயே கலந்தாள். அந்தப் புடவையோடு! பின்வரிசையில் ஒரு பெரியவர், "விலை எறங்கிடுமேம்மா?" என்றார். "எறங்கட்டும்ங்க. கொறையுறதை நாங்க மாசாமாசம் குடுக்குற சங்கக் காணிக்கையில சேர்த்துக் குடுத்துடுறோம்" என்றாள். கையில் காசு இருந்தால் அப்படிப் பேசலாம். நான் எங்கே போவேன்?

பெண்கள் இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம், முதலில் அவளுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை அந்த ஆயாவுடையது. அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு எங்கள் லைன் மொத்தமும். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் கையும் மேலே இருந்தது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதுமே பிடித்துக்கொண்டேன். "அவளுக்கா கை தூக்கினீங்க? உங்க பொண்டாட்டி அங்க உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தெரிஞ்சுது. ஆனா நான் தப்பு பண்ணிட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னா பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும்" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

நாற்காலி போனால் போகட்டும், அடுத்த தேர்தலில் நானும் உட்கார்ந்தேன். ஆனால் என்னைப் பற்றி அவர் யாரிடமும் அந்த மரியாதைக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்களாகிவிட்டன. அந்தக் குரலை அவளுக்கு விட்டுக்கொடுக்க இன்றைக்கும் எனக்கு மனசு வரவில்லை.