என் நாடிக்குக் கட்டிய பொட்டலம்

காலையில் பல் விளக்குவதற்கு முன் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன். ஊரில் ஒருவருக்கு நாக்கை நீட்டினால் அடி விழும். இங்கே லண்டன் மனோர் பார்க்கில், ஐம்பத்தாறு வயதில், எனக்கு நானே நீட்டுகிறேன். நாக்கு வெளிறியிருக்கிறதா, மேலே வெள்ளை படிந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னவர் திருமதி லின். இரண்டு பஸ் தரிப்பு தள்ளிச் சீன மருந்துக்கடை வைத்திருக்கிறார். பருவம் மாறும்போதெல்லாம் போவேன். நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், அந்தப் பருவத்தில் எதைச் சாப்பிடலாம், எப்போது படுக்கலாம் என்று சொல்லி அனுப்புவார்.

டென்மார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த நாள்முதல் எனக்கு இறைச்சி வைக்கும் குளிர்க்களஞ்சியத்தில்தான் வேலை. கடந்த தை மாதம் முழங்கால் மடங்க மறுத்தது. "குளிர்காலத்தில் சூரியன் வந்த பிறகுதான் எழும்ப வேண்டும்" என்றார் திருமதி லின். "எனக்குக் காலை ஐந்து மணிக்கு ஷிப்ட்" என்றேன். நான் அனுமதி கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "கூடாது" என்று கண்டிப்பாகத் தலையாட்டினார். பிறகு பன்னிரண்டு பொட்டலம் கட்டித் தந்தார். பிரித்தால் எங்கள் கறுவாப்பட்டையும் வேர்க்கொம்புச் சுக்கும் சிரித்தன. மற்றதெல்லாம் பெயர் தெரியாத வேர்கள். அவித்துக் குடித்தேன். நான்காம் நாள் உள்ளங்கால் வரை சூடு இறங்கியது. வெயில் தலைகாட்டியதும் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இடையிடையே மறந்ததில், நிறுத்தியபோது ஐந்து பொட்டலம் மிச்சம்.

அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா, கால் நோகுது என்று சொன்னா. என் ஒரே அக்கா. அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் துடைத்து, கழுவி, ஊட்டிப் பார்த்தது அவதான். நான் செத்தவீட்டுக்குப் போய்ப் பத்து நாள் நின்றுவிட்டு வந்தவன். அதற்குப் பிறகு பதினொரு வருடம் போகவில்லை. போகாதவர்கள் என்ன செய்வோம்? பார்சல் அனுப்புவோம். பக்கத்துத் தெருக் குணம் அண்ணை ஊருக்குப் போகிறார் என்றதும் சவர்க்காரம், சொக்கிலேட், தைலப்போத்தல் ஆகியவற்றுக்கு நடுவில் அந்த ஐந்து பொட்டலத்தையும் சொருகினேன். எனக்குச் சுகம் தந்தது அவவுக்கும் தரும் என்று நினைத்தேன். எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அதுதான் வெட்கக்கேடு.

குணம் அண்ணை திரும்பி வந்து சொன்னார். "தம்பி, உம்மட அக்காவுக்கு மூக்காலை ரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது தெரியுமோ? பிரஷர் நல்லா ஏறிப் போச்சாம்."

எனக்குத் தெரியாது. உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப ஒண்டும் இல்லையடா, பிரஷருக்குக் குளிசை தந்தவை" என்றா அக்கா. "அந்தப் பொட்டலத்தை அவிச்சுக் குடிச்சால் உடம்பு நெருப்பாய் எரிஞ்சுது. வாயெல்லாம் புண்."

"பிறகு ஏன் குடிச்சனீங்கள்?"

"நீ அனுப்பினதெல்லோ. எறிய மனம் வரேல்லை. நாலு முடிச்சிட்டன்."

பங்குனி வெயிலில், தார் உருகும் ஊரில், லண்டன் குளிருக்குக் கட்டிய மருந்தை ஒருத்தி நான்கு நாள் அவித்துக் குடித்திருக்கிறா, தம்பி அனுப்பியது என்பதற்காக. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை பார்சல் கட்டுவதற்கு மட்டும் ஆடியிருக்கிறது.

மறுநாள் திருமதி லின்னிடம் போனேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அக்காவுக்கென்று சரியான மருந்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம். புத்தி மறுபடியும் பார்சலுக்குத்தான் போனது, பாருங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தராசைத் தள்ளி வைத்தார்.

"யாருடைய நாடியைப் பிடித்து அதைக் கட்டினேன்?"

"என்னுடைய நாடியை."

"அவருக்கு நித்திரை வருகிறதா? தாகத்துக்குச் சுடுதண்ணீர் கேட்பாரா, குளிர்ந்த தண்ணீரா? கை சூடா, குளிரா?"

கிழமைக்கு ஒருமுறை அக்காவோடு கதைக்கிறேன். யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கோயிலில் கொடியேற்றம், எல்லாம் தெரியும். இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "ஆளைப் பார்க்காமல் தரமாட்டேன்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ் தரிப்பில் நின்றபடியே அக்காவுக்கு எடுத்தேன். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். நித்திரை இல்லையாம். அம்மா கூப்பிடுகிற மாதிரி இன்றைக்கும் விழிப்பு வருகிறதாம். பானைத் தண்ணீர்தான் குடிக்கிறாவாம். இவ்வளவு காலமும் நான் கேட்காததால் அவ சொல்லவில்லை.

"கை சூடோ, குளிரோ அக்கா?"

அக்கா சிரித்தா.

"என்ர கையை நானே பிடிச்சால் எனக்கு என்னெண்டு தெரியும்? வந்து பிடிச்சுப் பார்."

"ஓம் அக்கா, வாறன்" என்றேன். பதினொரு வருடமாக இதைத்தான் சொல்லுகிறேன். அவவும் "ஓம் ஓம்" என்று போனை வைத்துவிட்டா.

பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. கையுறையைக் கழற்றி, வலக்கையால் இடக்கையைப் பிடித்துப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. சூடா, குளிரா, ஒன்றும் தெரியவில்லை.