அஞ்சலையக்கா பின்னிய கோல் வலை

கால்பந்து ஆட்டத்தில் பந்தைவிட அதிகமாக உதைபடுவது, ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்கிறவர்தான். எங்கள் கல்லூரிக் கால்பந்துக் கமிட்டியில் இரண்டு வருஷம் அந்த வேலை என் தலையில். நாடகமோ பஜனையோ, எதற்காவது ஆள் சேர்த்து அவதிப்பட்டவர்களுக்கு என் பாடு புரியும். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது ஓர் அநியாயம்: எங்களுக்குக் கோல் வலை பின்னிக் கொடுத்த காசிமேட்டு அஞ்சலையக்காவை ஆட்டம் பார்க்க உள்ளே விடவில்லை.

இரண்டு ஊதல்

முதல் ஆட்டத்துக்குத் தமுக்குக்காரரோடு டோல்கேட் வரை நடந்து கூவினேன். மைதானம் நிரம்பி வழிந்தது. எங்கள் பையன்கள் கோலை நெருங்குகிற நேரம் பார்த்து மில் சங்கு ஊதிற்று. அவ்வளவுதான், மிஞ்சியது ஆடுகிறவர்களும், நானும், ஒரு சுண்டல்காரரும்.

விடுவேனா? மறுநாள் மில் வாசலுக்கே போய், "பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடுவது நியாயமா?" என்று பிடித்துக்கொண்டேன். ஒரு தொழிலாளி நிதானமாகச் சொன்னார்: "ரெப்ரி ஊதுனா உங்க ஆளுங்கோ நின்னுக்கலாம். மில்லு ஊதுனா நாங்க நின்னா வேலை பூடும், அம்மா."

என்ன மீன்?

ஆட்டங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். கூட்டம் கடைசிவரை நின்றது, கூடவே சண்டையும் வந்தது. கோலில் வலை இல்லை. பந்து கம்பத்துக்கு உள்ளே போயிற்றா, வெளியே போயிற்றா என்று ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள்.

காசிமேட்டில் வலை பின்னுவதில் பேர்போன அஞ்சலையக்காவிடம் போனேன். "இன்னா மீனுக்கு?" என்றாள்.

"மீன் இல்லை அக்கா, பந்து."

"எம்மாம் பெருசு?"

கையால் காட்டினேன். கண்ணி அளவை மனசுக்குள் போட்டுக்கொண்டவள், கடைசியாக ஒன்று கேட்டாள்: "உசுரோட துள்ளிகினு வருமா, செத்து வருமா?"

நான் யார்?

பெரம்பூர்ப் பட்டறை அணியோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம். தான் பின்னிய வலையில் பந்து துள்ளுவதைப் பார்க்க ஆறு பெண்களோடு வந்தாள் அஞ்சலையக்கா. வாசலிலேயே மறித்துவிட்டார்கள். கமிட்டித் தலைவரான எங்கள் சரித்திரப் பேராசிரியரிடம் ஓடினேன்.

"ஸ்திரீகளுக்கு இடம் போடவில்லையே, அம்மா."

"ஏன் சார் போடவில்லை?"

"அவர்கள் கூச்சல் போட்டால் பையன்களுக்குக் கவனம் சிதறும்."

இந்த இரண்டாயிரம் ஆண்கள் என்ன மௌன விரதமா என்று கேட்டேன். விடாமல் வாதாடியதில், "இன்றைக்கு ஜெயித்தால் அடுத்த வருஷம் அவர்களுக்கும் பெஞ்சு போடுகிறேன், போ" என்று வாக்குக் கொடுத்தார். அதுவரை கோலுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே நிற்கலாமாம்.

"அப்படியானால் நான் மட்டும் எப்படி சார் உள்ளே இருக்கிறேன்? நானும் ஸ்திரீதானே?"

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "நீ ஸ்திரீ இல்லை, கமிட்டி."

கிழிசல்

ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் ஓங்கி உதைத்தான்; பந்து வலைக்குள் கிடந்தது. குல்லாய்கள் பறந்தன. ஆனால் வலையின் பக்கவாட்டில் ஒரு கிழிசல். பந்து அது வழியாகத்தான் நுழைந்தது என்று பெரம்பூர்க்காரர்கள் கத்தினார்கள். தூரத்தில் இருந்த நடுவர் விழித்துவிட்டு, "வலை பின்னியவரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

வேலியைத் தாண்டி வந்தாள் அஞ்சலையக்கா. பெஞ்சு வாக்கு அவளுக்கும் தெரியும், நானே சொல்லியிருந்தேன். "கோல்தான்" என்று ஒரு வார்த்தை போதும். அவள் குனிந்து, அறுந்த நூலை விரலால் நீவிப் பார்த்தாள்.

"முனையெல்லாம் உள்ளார சாஞ்சுகீது. பந்து வெளியேர்ந்து பூந்துகீது. இது கோலு இல்ல."

கூடுதல் நேரத்தில் பெரம்பூர் ஒரு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிப் போயிற்று. "நமக்கு வலை பின்னிவிட்டு நமக்கே எதிராகவா சாட்சி சொல்வது?" என்று பேராசிரியர் அவளிடம் பொரிந்தார். மறு வருஷம் அவரே முன்னின்று பெண்களுக்கு மூன்று பெஞ்சு போட்டார். அது என் வாதத்தால் அல்ல, அன்று அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்ன பதிலால்:

"உள்ளார குந்த வெச்சிருந்தா உங்க பக்கம் கத்திகினு இருந்திருப்பேன், சாமி. வெளியே நிக்க வெச்சீங்கோ, ரெண்டு பக்கமும் நல்லா தெரிஞ்சிச்சு."